கொள்ளிடத்துக்கு நிரந்தரக் கரை: எங்கள் ஊர் கற்றுக்கொண்டது

2018 ஆகஸ்ட் மூன்றாம் வாரம். இரவு பதினொரு மணிக்கு மேல் இருக்கும். பெரியப்பா வீட்டு வைக்கோல் போருக்குப் பக்கத்தில், கரை அடியிலிருந்து பத்தடி தள்ளி, தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் கொப்பளித்தது. கொள்ளிடம் ஓடுவது கரைக்கு அந்தப் பக்கம். தண்ணீர் வருவதோ இந்தப் பக்கம், ஊருக்குள். டார்ச் அடித்துப் பார்த்தால் சாணி கரைத்த மாதிரி கலங்கல். எறும்புப் புற்று வாய் போல வட்டமாக மணலைத் துப்பிக்கொண்டிருந்தது.

இருபது பேர் ஓடினோம். கையில் கிடைத்த மூட்டையெல்லாம் அந்த வாயின் மேலேயே போட்டோம். ஐந்து நிமிடம் நின்றது. அப்புறம் ஆறேழு அடி தள்ளி இன்னொரு இடத்தில் பீறிட்டது. அதையும் அடைத்தோம். மூன்றாவதாக ஓர் இடத்தில் கிளம்பியது. அந்த நேரத்தில் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தார் ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவர்; பொதுப்பணித்துறையில் மதகையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர். வண்டியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார்.

"தம்பி, அடைக்காதீங்கப்பா! சுத்திக் கட்டுங்க. கிணத்துக்கு உறை இறக்கின மாதிரி சுத்தி மூட்டை அடுக்குங்க. தண்ணி உள்ள ஏறி நிக்கட்டும். தெளிஞ்சு வந்தா வந்துட்டுப் போவுது. கலங்கி வந்தாதான் கரை உள்ளுக்குள்ள கரையுதுன்னு அர்த்தம்."

அவர் சொன்னபடியே மூன்று இடத்தையும் சுற்றி வளைத்து இடுப்பு உயரத்துக்கு மூட்டை அடுக்கினோம். வளையத்துக்குள் தண்ணீர் ஏற ஏற, அதன் கனமே கீழிருந்து வரும் வேகத்தை அமுக்கியது. விடியற்காலை மூன்று மணிக்கு ஊற்று தெளிந்தது. அதற்குப் பிறகும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள அணையில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போன செய்தி வந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது. ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. நூற்று எண்பது வருடம் நின்ற அணைக்கே அந்தக் கதி என்றால், ஆண்டுக்கு ஒரு முறைகூடப் புல் செதுக்காத நம் மண் கரை எதை நம்பி நிற்கிறது என்று சித்தப்பா கேட்டார். நிரந்தரக் கரை கேட்பது என்று அன்றைக்குத்தான் ஊர்க்கூட்டத்தில் முடிவானது.

எங்கள் ஊர் கொள்ளிடத்தின் தென்கரையில், சீர்காழி வட்டத்தில் இருக்கிறது. கடல் வெகு தொலைவில் இல்லை. மிஞ்சிய தண்ணீரைக் கொள்ளும் இடம் என்பதால் கொள்ளிடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெயர்க்காரணம் எப்படியோ, ஆற்றின் வேலை அதுதான். காவிரியும் வெண்ணாறும் வயலுக்குப் போகிற ஆறுகள். அவற்றால் தாங்க முடியாததை எல்லாம் முக்கொம்பிலும் கல்லணையிலும் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவார்கள். மேட்டூர் அணை இருக்கிறதே, பிடித்து வைத்துக்கொள்ளாதா என்று வெளியூர்ச் சொந்தங்கள் கேட்பார்கள். மேட்டூரின் மொத்தக் கொள்ளளவு 93.47 டிஎம்சி; ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. வினாடிக்கு 2 லட்சம் கனஅடி என்பது ஒரே நாளில் 17 டிஎம்சிக்கும் மேல். அணை 120 அடியைத் தொட்டுவிட்ட பிறகு வருவதை அப்படியே விடுவதைத் தவிர அங்கே இருப்பவர்களுக்கும் வேறு வழி கிடையாது. 2018-இல் அந்த 2 லட்சத்தை ஒட்டித்தான் திறந்தார்கள்.

முதல் ஒரு வருடம் மனு கொடுத்ததிலேயே போயிற்று. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஒன்று, மாதாந்திர விவசாயிகள் கூட்டத்தில் ஒன்று. எல்லாவற்றிலும் ஒரே வரி: "எங்கள் ஊருக்கு நிரந்தரக் கரை அமைத்துத் தர வேண்டும்." பதிலும் ஒரே வரியில் வரும்: பரிசீலனையில் உள்ளது.

அந்த ஒரு வருடத்தை எண்ணினால் இன்றும் மனம் கனக்கிறது. தவறு எங்கள் மனுவில்தான் இருந்தது. ஓர் இளம் பொறியாளர் எங்களை நிறுத்திவைத்து விளக்கினார். "அண்ணே, எந்த இடத்துல எவ்வளவு நீளம்? 2018-ல தண்ணி எந்த மட்டம் வரைக்கும் வந்துச்சு? எங்கெங்க ஊத்து? உள்ள எத்தனை வீடு, எத்தனை ஏக்கர்? இது இருந்தா நான் எஸ்டிமேட் போட முடியும். இல்லன்னா இந்த மனு ஃபைல்லயே கிடக்கும்."

ஊருக்குத் திரும்பி அந்த வேலையைத் தொடங்கினோம். வெள்ளம் வடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் கோயில் மதில், மின்கம்பம், பனைமரம் என்று கறை எங்கெல்லாம் இருந்ததோ, அங்கெல்லாம் சிவப்புப் பெயின்டில் கோடு போட்டோம். போனில் கிடந்த படங்களைத் தேதி வாரியாக எடுத்தோம். ஊர்க் கொத்தனார் டியூப் மட்டம் பிடிக்க, 1,800 மீட்டர் கரையையும் இருபது மீட்டருக்கு ஓர் இடமாக அளந்தோம். அதில் ஒன்று தெரிந்தது. கரை எங்கே தாழ்ந்திருக்கிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோமோ அங்கே தாழ்வில்லை. ஆற்றில் இறங்க டிராக்டரும் மாட்டுவண்டியும் ஏறி இறங்கும் வண்டித்தடம் இரண்டிலும் கரை உச்சி இரண்டரை அடி தேய்ந்திருந்தது. எவ்வளவு உயரமாகக் கரை போட்டாலும் தண்ணீர் தாழ்ந்த ஓரிடத்தைத் தேடி வந்துவிடும். உங்கள் ஊரிலும் முதலில் வண்டித்தடத்தைப் போய்ப் பாருங்கள்.

ஒரு குயர் நோட்டில் இவ்வளவையும் எழுதி, கையால் வரைந்த படத்தோடு கொடுத்தோம். அதற்குப் பிறகு வேலை நகர்ந்தது. நடுவில் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது, கொரோனா வந்தது. ஆனாலும் நோட்டின் நகல் எங்களிடம் இருந்ததால் புதிதாக வந்த ஒவ்வொரு அதிகாரியிடமும் பத்து நிமிடத்தில் விஷயத்தைச் சொல்ல முடிந்தது.

நான் மிகவும் யோசிப்பது அடுத்து நடந்ததைப் பற்றித்தான்.

பத்தடி உயரக் கரைக்கு உச்சியில் 12 அடி அகலம், இரண்டு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு சரிவு என்று வைத்தால் அடி அகலம் 52 அடி வரும். எங்கள் பழைய கரைக்கு அடி அகலம் 30 அடிதான். மீதி இடம் எங்கே? ஊர்ப்பக்கச் சரிவில் பதினான்கு குடும்பங்கள் குடிசை போட்டு இருந்தார்கள். நாலு தலைமுறையாக மனை இல்லாமல், வேறு போக்கிடம் இல்லாமல் கரையில் குடியிருந்தவர்கள். ஊற்றுக் கிளம்பிய இரவில் மூட்டை தூக்கியவர்களில் பாதிப்பேர் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்.

ஊர்க்கூட்டத்தில் சிலர், "அது புறம்போக்குதானே, எடுக்கச் சொன்னா எடுத்துத்தானே ஆகணும்" என்றார்கள். அந்தக் கரையில் ஓர் ஆயா இருந்தார். எண்பது வயதுக்கு மேல். கூட்டத்துக்கு அவரே நடந்து வந்தார்.

"கரையை ஒசத்துங்க சாமி, வேணாங்கல. ஒங்க வீட்டுக்கெல்லாம் கரை காவலு. எனக்கு அந்தக் கரைதான் வீடு. அதை எடுத்துட்டா நான் எந்தக் கரைக்குப் போறது?"

யாரும் பேசவில்லை. மனைப்பட்டா கையில் வந்து, அங்கே வீட்டுக்கு அடித்தளம் போட்ட பிறகுதான் கரையில் மண் விழ வேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானம் எழுதினோம். அதற்காகப் பதினோரு மாதம் அலைந்தோம். ஊருக்கு மேற்கே மேடான இடத்தில் ஆளுக்கு 3 சென்ட் கிடைத்தது. கரை வேலை ஒரு பருவம் தள்ளிப்போனது. தள்ளிப்போனதில் எனக்கு வருத்தம் கிடையாது. அவர்களை அப்படியே கிளப்பிவிட்டிருந்தால் பாதிப்பேர் ஆற்றுப் படுகையில் போய்க் குடிசை போட்டிருப்பார்கள். அடுத்த வெள்ளத்தில் முதல் பலி அங்கேதான் விழுந்திருக்கும்.

பட்டா நிலம் இழந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஒருவர் என் மைத்துனர். அவரோடு ஒரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது பேசிக்கொள்கிறோம்.

2021 கோடையில் வேலை தொடங்கியது. கரை வேலை என்றால் கல், சிமென்ட் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. முக்கால்வாசி வேலை மண். அந்த மண் என்ன மண், எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் ஆயுள் இருக்கிறது.

மண்ணைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. கண்ணாடிப் பாட்டிலில் கால் பாகம் மண், மேலே தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கும். களி மறுநாள் வரை கலங்கலாகவே மிதக்கும். மறுநாள் படிந்ததைப் பார்த்தால் எது எவ்வளவு என்று அடுக்கு அடுக்காகத் தெரியும். இல்லையென்றால் ஈரமண்ணைக் கையில் உருட்டிப் பார்க்கலாம். பென்சில் பருமனுக்கு முறுக்கு மாதிரி உடையாமல் திரண்டால் அதில் போதுமான களி இருக்கிறது. அதற்காக வெறும் களியாகவும் இருக்கக்கூடாது. கோடையில் எங்கள் வயல் வெடிக்கிற மாதிரி கரையும் வெடித்துவிடும்.

லாரி லாரியாகக் கொட்டிச் சமன் செய்துவிட்டுப் போவது கரையே அல்ல. முக்கால் அடி கனத்துக்கு மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி அரை அடியாக இறுக்கிய பிறகுதான் அடுத்த அடுக்கு. பழைய கரைச் சரிவின் மேல் அப்படியே புது மண்ணைச் சாய்க்கவும் கூடாது. படி படியாக வெட்டிவிட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் புதியது பழையதிலிருந்து சறுக்கிக்கொண்டு வரும். நாங்கள் தினம் இரண்டு பேர் முறை வைத்து நின்றோம். கையில் ஒரு விரல் பருமன் கம்பி. ஓர் அடுக்கு முடிந்ததும் குத்திப் பார்ப்போம். ஓர் ஆள் பலத்தில் அரை அடிக்கு மேல் சுலபமாக இறங்கினால் இன்னொரு முறை ரோலர் ஓட்டச் சொல்வோம்.

மண் எடுத்த இடத்திலும் ஒரு சண்டை. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பொக்லைனை வைத்துக் கரையின் காலடியிலேயே தோண்டினார்கள். காலடியில் பள்ளம் பறித்து உச்சியை உயர்த்தினால் என்ன ஆகும்? பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், அடி ஊறும், சரிந்துவிடும். முதல் நாளே வண்டியை மறித்துவிட்டோம். அதன் பிறகு இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓர் ஏரியில் வண்டல் எடுத்து வந்தார்கள்.

அப்படியும் ஓரிடத்தில் ஏமாந்தோம். ஒரு கிராமத்து நிச்சயதார்த்தம், சனி ஞாயிறு இரண்டு நாள், கரையில் எங்கள் ஆள் யாரும் இல்லை. அந்த இரண்டு நாளில் எழுபது மீட்டர் நீளத்துக்கு ஆற்று மணலையே அள்ளி உள்ளே போட்டு, மேலே ஒரு சாண் களிமண் பூசி முடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை பார்த்தபோது வெளியே அழகாக இருந்தது. கம்பி சுலபமாக இறங்கியது. புகார் கொடுத்தோம். பருவம் வந்துவிட்டது, அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். நாங்களும் அழுத்திக் கேட்காமல் விட்டுவிட்டோம். அது எங்கள் குற்றம்.

ஆறு திரும்பி மோதுகிற வளைவில் மட்டும் 300 மீட்டருக்குக் கருங்கல் பதித்தார்கள். கல்லை நேரே மண் மேல் பதித்தால், அலை போய் வரப் போய் வர, இடுக்கு வழியாகப் பின்னாலிருக்கும் மண் வெளியேறி, ஒரு நாள் கல் மொத்தமாக உள்ளே விழும். அதனால் முதலில் தண்ணீரை விட்டு மண்ணை நிறுத்தும் வடிதுணி, அதன் மேல் சல்லி, அதன் மேல்தான் கல். வளைவில் ஆறு காலடியைத்தான் பறிக்கும் என்பதால், கரையின் காலில் ஆற்றுத் தரையில் கனமான கற்களைத் தளர்வாகப் பரப்பினார்கள். தரை அரிபட்டால் அந்தக் கற்களே பள்ளத்தில் சரிந்து போர்வையாக மூடிக்கொள்ளும். மணல் அதிகம் அள்ளிய இடங்களில் ஆற்றுத் தரையே தாழ்ந்துவிடுகிறது, அப்படிப்பட்ட இடங்களில் இந்தக் காலடிக் கல் இல்லாமல் மேலே எவ்வளவு பதித்தும் பயனில்லை.

மீதிக் கரைக்கு நாங்கள் வெட்டிவேர் நட்டோம். கடலூர்க் கடலோரத்தில் அதைப் பயிராகவே செய்கிறார்கள், அங்கிருந்து நாற்று வாங்கினோம். சரிவில் குறுக்காக வரிசை பிடித்து, சாணுக்கு இரண்டு நாற்று. முதல் ஆறு மாதம் ஆடு கடிக்காமல் காத்தால் போதும், அப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும். வேர் நேர் கீழாகப் பத்தடி வரை இறங்கும். பழைய கரையில் மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, அந்தக் குழிகளில் களிமண் இட்டு இடித்தோம். வேரை உள்ளே விட்டு வெட்டினால் அது மக்கிய பின் கரைக்குள் குழாய் போட்ட மாதிரி ஆகிவிடும். எலி வளையும் நண்டு வளையும் அப்படித்தான்.

2022 ஆகஸ்ட் முதல் வாரம். மேட்டூரிலிருந்து மறுபடியும் 2 லட்சம் கனஅடியை ஒட்டித் திறந்தார்கள், பவானியிலும் வெள்ளம். கரை நின்றது. 2018-இல் ஊற்றுக் கிளம்பிய இடங்கள் காய்ந்து கிடந்தன. ஒரே ஓரிடத்தில், அந்த எழுபது மீட்டரில், ஊர்ப்பக்கச் சரிவு முழுக்க வியர்த்த மாதிரி கசிந்தது. சரிவின் கீழ்ப்பாதி சேறாகி இறங்கத் தொடங்கியது. இந்த முறை மூட்டை எங்கே அடுக்க வேண்டும் என்று தெரியும். கரை உச்சியில் கனம் ஏற்றாமல், ஊர்ப்பக்கக் காலடியில் சல்லியும் அதன் மேல் மூட்டையுமாக அணை கொடுத்தோம். தண்ணீர் வடியட்டும், மண் மட்டும் வரக்கூடாது. நான்கு இரவு. பிழைத்தோம்.

அதே ஆண்டு நவம்பரில் நடந்தது வேறு.

நவம்பர் 11 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் சீர்காழியில் 44 செ.மீ. மழை. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை. ஆறு அப்போது கரையை மிரட்டவில்லை. தண்ணீர் எல்லாம் வானத்திலிருந்து ஊருக்குள் விழுந்தது, புதிதாக உயர்த்திய கரைக்குள் தேங்கியது. பழைய கரையில் மூன்று இடத்தில் வடிகால் குழாய் இருந்தது. கரையில் ஓட்டை குறைந்தால் நல்லது என்று இரண்டை மூடச் சொன்னவர்களே நாங்கள்தான். மீதி இருந்த ஒன்று ஓர் அடிக் குழாய். அதன் திருகு துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது.

நட்டு ஒரு மாதமான சம்பா. ஆறு நாள் மூழ்கிக் கிடந்தது. மூன்றாம் நாள் மாலை ஊர்ப் பையன்கள் கடப்பாரையோடு கரைக்குக் கிளம்பினார்கள். "வெட்டி விடுங்கண்ணே, பயிர் போச்சு" என்று ஒருவன் அழுதான். எந்தக் கரைக்காக நான்கு வருடம் அலைந்தோமோ அந்தக் கரையை வெட்டச் சொல்லி எங்கள் பிள்ளைகளே நிற்கிறார்கள். வெட்டினால் அந்த வாரம் தப்பலாம். மேட்டூர் நிறைந்திருக்கிறது, மேலே ஒரு மழை பெய்தால் அதே வெட்டு வழியாக ஆறு ஊருக்குள் வரும். இதைச் சொல்லி அவர்களைத் திருப்ப இரவு ஒன்பது மணியானது. அதன் பின் செயின் பிளாக் கொண்டு வந்து அந்தத் திருகுக் கதவைத் தூக்கினோம். நாலு டீசல் இன்ஜின் வைத்து இறைத்தோம். பாதிப் பயிர் போய்விட்டது.

கரை கட்டும் முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கை அப்புறம்தான் போட்டோம். ஒரு ஏக்கரில் 44 செ.மீ. மழை என்றால் ஏறத்தாழ 17.8 லட்சம் லிட்டர். எங்கள் கரைக்குள் வடிகிற நிலம் 400 ஏக்கர். நெற்பயிர் மூன்று நாள் தாங்கும் என்று வைத்து, மூன்று நாளில் அதை வெளியேற்ற வேண்டுமென்றால் வினாடிக்கு 100 கனஅடிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் போயாக வேண்டும். ஓர் அடிக் குழாயில் ஐந்து கனஅடி போனால் பெரிது. எங்கள் வடிகால் தேவையில் இருபதில் ஒரு பங்கு.

கரை உயர்த்தப் போகிற ஒவ்வொரு ஊருக்கும் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். ஆறு வருகிற வழியை அடைக்கும் அன்றே, மழை போகிற வழிக்கும் கணக்குப் போடுங்கள். கரை எஸ்டிமேட்டிலேயே வடிகால் மதகையும் சேர்த்துக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் இன்னொரு மூன்று வருடம்.

எங்களுக்கு 2023 கோடையில் இரண்டு கண் மதகு கிடைத்தது. ஆற்றுப்பக்கம் தானாக மூடிக்கொள்ளும் தட்டுக் கதவு, ஊர்ப்பக்கம் திருகுக் கதவு. ஆறு உயர்ந்தால் அதன் அழுத்தத்திலேயே தட்டுக் கதவு சாத்திக்கொள்ளும், ஆறு தாழ்ந்தால் உள்ளே தேங்கியது தள்ளித் திறக்கும். ஒரு குச்சி மாட்டினாலும் அது சரியாக மூடாது, அதனால்தான் இரண்டாவதாகத் திருகுக் கதவு. மதகு ஓரம் குப்பை தடுக்கக் கம்பி வலை. கடல் பக்கம் என்பதால் அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறும்போது ஆறு வடியாது. அந்த நேரத்துக்கு இரண்டு இன்ஜின் மேடை தனியாகக் கட்டியிருக்கிறோம். வாய்க்காலைத் தூர் வாராமல் மதகு மட்டும் கட்டியும் பிரயோஜனம் இல்லை, அதை ஒரு மா நிலத்துக்கு இவ்வளவு என்று ஊரே பணம் போட்டுச் செய்தது. குடிமராமத்து என்று தாத்தா காலத்தில் செய்ததுதான்.

கரை எங்களைக் காத்தது. ஆனால் இரண்டு கரைக்கும் இடையிலேயே, ஆற்றின் நடுவே மனிதர்கள் இருக்கிறார்கள். நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல். 2022-இல் அந்த ஊர்களுக்குள் தண்ணீர் திரும்பத் திரும்பப் புகுந்தது. படகில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போனபோது, கூரை வரை நனைந்த வீட்டின் முன்னால் ஓர் அம்மா ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு நின்றார். "ஒங்க கரை நல்லா நிக்குதா தம்பி?" என்று கேட்டார். நிஜமாகவே அக்கறையோடு கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. அந்த மக்களுக்கு எந்தக் கரையும் உதவாது. உயர்ந்த தூண் மேல் வீடு, மாட்டுக்கும் இடம் இருக்கிற மேட்டுத் தளம், படகு, விரும்புகிறவர்களுக்குக் கரைக்கு வெளியே மனை. எங்கள் ஊர்த் தீர்மானங்களில் இப்போது அவர்களுடைய கோரிக்கையையும் சேர்த்தே எழுதுகிறோம். வடகரை ஊர்களையும் கேட்காமல் நாங்கள் மட்டும் உயர்த்துவது நியாயம் இல்லை என்பதால் மட்டத்தை இரண்டு கரைக்கும் ஒன்றாக வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

இப்போது வருடாவருடம் செய்ய ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முன், வைகாசியில், 1,800 மீட்டரையும் இரண்டு பேர் கம்பியோடு நடந்து வளை தேடுவார்கள். திருகுக் கதவை முழுதாக ஏற்றி இறக்கி கிரீஸ் வைப்பார்கள். பஞ்சாயத்துக் கட்டடத்தில் 2,000 காலிச் சாக்கு, வெயில் படாமல். வெயில் பட்ட பிளாஸ்டிக் சாக்கு தூக்கும்போதே கிழியும். மூட்டையில் முக்கால் பாகத்துக்கு மேல் மண் நிரப்பக்கூடாது, முழுதாக நிரப்பினால் உருண்டையாகி இடைவெளி விழும்.

வெள்ள நாட்களில் நாங்கள் டிவியில் பார்ப்பது மேட்டூர்க் கணக்கை அல்ல, கீழணைக் கணக்கை. கீழணை இருக்கும் அணைக்கரையில் கொள்ளிடத்தில் எத்தனை கனஅடி விடுகிறார்கள் என்பதுதான் எங்களுக்கு வந்து சேரும் தண்ணீர். எந்த அளவுக்கு மதகு ஓரத்து அளவுகோலில் எந்தக் கோடு வரை ஏறுகிறது என்று அதே பழைய குயர் நோட்டில் குறித்து வருகிறோம். அந்த ஓய்வுபெற்ற லஸ்கர்தான் முதல் பக்கத்தை எழுதிக் கொடுத்தார். போன மார்கழியில் காலமாகிவிட்டார்.

2024 ஆகஸ்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் திறந்தபோது கரையில் இருபது பேர் முறை வைத்துத் தூங்கினோம். வளைவில் கல் அசையவில்லை. மதகு தட்டுக் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. எழுபது மீட்டரில் மட்டும் மறுபடியும் கசிவு, முன்பைவிடக் கொஞ்சம் மேலே. ஆயாவின் பேரன் இரவு முழுக்க அங்கேயே நின்று அரை மணிக்கு ஒரு தரம் கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். தெளிவாகத்தான் இருந்தது.

அந்த எழுபது மீட்டரைத் தோண்டி எடுத்துக் களிமண்ணில் புதிதாகப் போட எஸ்டிமேட் தயாராகிவிட்டது. வேலை நடக்கிற நாட்களில் யார் யார் கரையில் நிற்பது என்று முறைப் பட்டியல் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டியிருக்கிறோம். சனி ஞாயிறுக்கு என் பெயரும் மைத்துனர் பெயரும்.